ஏறிய டென்ஷன் ஏன் இறங்கவில்லை? – மனஅழுத்தம்: வாசகர் கேள்வி பதில்

"டென்ஷனே வராமல் இருக்க என்ன வழி?" மனஅழுத்தம் பற்றி எழுதும் வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அப்படி ஒரு வழி கிடையாது, தேவையும் இல்லை. வேலை என்று வந்தால் உடம்பில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். ஏறியது இறங்குவதற்குள் அடுத்தது ஏறிக்கொண்டே இருப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. அதனால் ஒவ்வொரு கடிதத்திலும், இறங்கவிடாமல் எது பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் முதலில் தேடியிருக்கிறோம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 41. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் வயிற்றைக் கலக்கும். சாப்பிட்டது மேலேயே நிற்கும். கழுத்தும் தோளும் இறுகிவிடும். அல்சராக இருக்குமோ என்று பயம். கழுத்து வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். கழுத்து வலி என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை. இரைப்பையில் புண் வருவதற்கு இருக்கும் இரண்டு பெரிய காரணங்களில் இந்த வகை வலி மாத்திரை ஒன்று. மற்றது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இதைக் கண்டறிந்தார்கள், 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே டென்ஷனால் அல்சர் வந்துவிடும் என்று பயந்துகொண்டே, அல்சரை வரவழைக்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் குடல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால், நீங்கள் சொல்வது அழுத்தத்தின் நேரடி வேலைதான். பையரின் (ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின்) ஆள் வந்து நிற்கிறார் என்றதும் மூளை சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் ரத்தத்தில் கலந்து, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, தசைகளை முறுக்குகிறது. அடுத்து வருவது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். அது மெதுவாக ஏறும், உச்சத்துக்குப் போக 20 முதல் 30 நிமிடம் ஆகும், இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். இதே நேரத்தில் இரைப்பை காலியாவது தாமதமாகிறது, பெருங்குடலோ வேகமாக அசைகிறது. சாப்பிட்டது மேலே நிற்பதும் கீழே கலக்குவதும் ஒரே சமயத்தில் நடப்பது இதனால்தான். மணிக்கொரு தடவை டார்கெட் போர்டைப் பார்த்துப் பதறினால் கார்ட்டிசால் இறங்குவதற்கு இடமே கிடையாது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் தோள் இறுகியே இருப்பதற்குக் காரணம் இது.

இனி மூச்சுப் பயிற்சி. தலை சுற்றுகிறது என்றால் காற்றை அதிகமாக இழுக்கிறீர்கள். பெரிது பெரிதாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். ஆழமாக இழுப்பதை விட்டுவிட்டு, மெதுவாக விடுவதில் கவனம் வையுங்கள். முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒரு கையைத் தொப்புள் மேல் வையுங்கள். மூக்கு வழியாக மனதுக்குள் நான்கு எண்ணும் வரை சாதாரண அளவு மூச்சை இழுங்கள், வயிற்றில் இருக்கும் கை மேலே வரவேண்டும், நெஞ்சு தூக்கக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை மூக்கு வழியாகவே விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது. ஆறு வரை விட முடியவில்லை என்றால் மூன்றுக்கு நான்கு என்று ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்து நீட்டுங்கள். மூச்சை உள்ளே பிடித்து வைக்க வேண்டாம்.

பலரும் தவறுவது ஓர் இடத்தில்தான். டென்ஷன் தலைக்கேறிய பிறகு முதல் தடவையாக இதைச் செய்து பார்த்துவிட்டு, "பலனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் கிளம்பும் முன் ஐந்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் என்று அமைதியான நேரத்தில் இரண்டு மூன்று வாரம் பழக்கினால்தான், லைனில் நெருக்கடி வரும்போது பத்து மூச்சிலேயே உடம்பு இறங்கக் கற்றுக்கொண்டிருக்கும்.

மூச்சு மட்டும் உங்களைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். வேலைச் சுமை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற நிலைதான் வேலையிடத்தில் மிக மோசமான அழுத்தம் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதினார். லைன் சூப்பர்வைசர் வேலை அச்சாக அதுதான். தேதியை முடிவு செய்வது ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், திட்டு வாங்குவது நீங்கள். உங்கள் கையில் இருக்கும் உரிமையை முழுதாகப் பயன்படுத்துங்கள். உதாரணத்துக்கு, மணிக்கு 80 பீஸ் ஓடும் லைனில் எட்டு மணி நேரத்துக்கு 640 தான் வரும். 800 கேட்கிறார்கள் என்றால் காலை 10 மணிக்கே அந்தக் கணக்கை மேனேஜருக்கு எழுத்தில் அனுப்பி, "இரண்டு ஓவர்லாக் தையல் மிஷின் தாருங்கள், அல்லது 160 பீஸை நாளைக்குத் தள்ளுங்கள்" என்று கேளுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் அது சாக்காகத் தெரியும், காலையில் சொன்னால் தகவல். மறுப்பு வந்தாலும், நாள் முழுக்க அதை நெஞ்சுக்குள் சுமக்கிற வேலை குறைந்துவிடும்.

கேள்வி: தனியார் பள்ளியில் ஆசிரியை, வயது 38. காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் படுக்கிறேன். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். மாலையில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, பிறகு அழுகிறேன். யோகா கிளாஸ் போகச் சொல்கிறார்கள். அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஏற்கெனவே நிரம்பிய நாளில் யோகா கிளாஸ் இன்னொரு வேலையாகத்தான் சேரும். இப்போதைக்கு வேண்டாம், குற்ற உணர்வும் வேண்டாம்.

இரண்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை). தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-ன்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வு, படபடப்பு, எரிச்சல் என்ற உருவத்திலேயே வரும். அதை டென்ஷன் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் காபி, டீயிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது.

அடுத்து, எரிந்து விழும் நேரத்தைக் கவனியுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸ், அதன் பின் ஒரு டீ, பிறகு இரவு ஒன்பதுக்குச் சாப்பாடு என்றால் மாலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடுதான் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 2024-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். பெரும்பாலும் கையால் செய்கிற வேலைதான் இதில் வருகிறது. கேஸ் எப்போது தீரும், மாமியாரின் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம், சின்னவனுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை வேண்டும் என்று நாள் முழுக்க மனதில் ஓடும் பட்டியலுக்கு எந்தக் கணக்கும் இல்லை. உங்கள் அழுத்தம் இறங்காமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பட்டியல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முழுவதும் தாளில் எழுதுங்கள். எழுதியதில் மூன்று வேலையை வீட்டுக்காரருக்கு முழுசாக மாற்றிவிடுங்கள். முழுசாக என்பது முக்கியம். "கொஞ்சம் மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்று நீங்கள் நினைவுபடுத்தினால், ஞாபகம் வைக்கும் பாரம் உங்களிடமே இருக்கிறது. மாமியாரின் மருந்து என்றால், எண்ணிப் பார்ப்பது, சீட்டு எடுத்துவைப்பது, வாங்குவது, டாக்டரிடம் அழைத்துப்போவது எல்லாமே அவருடையது. முதல் மாதம் ஒரு தடவை மறப்பார். உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம் என்றால் நீங்கள் போய்ச் சரிசெய்யாதீர்கள். சரிசெய்தால் அந்த வேலை அன்றே உங்களிடம் திரும்பிவிடும்.

இரவு படுத்த பிறகு பத்து நிமிடம் கிடைக்கும் அல்லவா, அப்போது தசைத் தளர்வுப் பயிற்சி செய்யுங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் நூறு ஆண்டுக்கு முன்பு உருவாக்கியது. இரண்டு கையையும் இறுக்கி மூடி ஐந்து நொடி வைத்திருந்து, சட்டென்று விடுங்கள். 20 நொடி அந்தத் தளர்ச்சியை மட்டும் கவனியுங்கள். பிறகு முன்கை, தோள் (காதை நோக்கித் தூக்கி), நெற்றி, தாடை, வயிறு, தொடை, கடைசியாகக் கெண்டைக்கால். முழு பலத்தோடு இறுக்க வேண்டியதில்லை, முக்கால் பலம் போதும். கெண்டைக்காலை இறுக்க விரல்களைக் கீழே நீட்டினால் பிடித்துக்கொள்ளும், விரல்களை உங்களை நோக்கி மடக்குங்கள். பாதியில் தூங்கிப்போனால் அதுவும் சரிதான்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை, வயது 32. இரவு 11 வரை அமெரிக்கா கால். படுத்தால் ஒரு மணி வரை தூக்கம் வராது, மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் வேலை போய்விடுமா, இ.எம்.ஐ. என்ன ஆகும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். வார இறுதியில் இரண்டு பெக் போட்டால்தான் தூங்குகிறேன். (வாசகர், சோழிங்கநல்லூர்)

பதில்: மது முதலில் அமுக்கும், சில மணி நேரத்தில் அது ரத்தத்திலிருந்து இறங்கும்போது எழுப்பிவிடும். பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். மறுநாள் படபடப்பும் அதிகம். தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்தவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டேதான் போகும், அதனால் இந்தப் பழக்கத்தை இப்போதே வெட்டுங்கள்.

காபி எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் பாதி, அமெரிக்கா கால் முடிகிற பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். டீக்கும் கோலாவுக்கும் இதுவே விதி.

கால் முடிந்ததும் நேராகப் படுக்கைக்குப் போகாதீர்கள். மூளை இன்னும் மீட்டிங்கில்தான் இருக்கும். நடுவில் 45 நிமிடம் மங்கலான விளக்கில் பாத்திரம் கழுவலாம், நாளைய துணியை எடுத்துவைக்கலாம், குளிக்கலாம். மொபைலும் லேப்டாப்பும் வேறு அறையில் இருக்கட்டும். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். மணி பார்க்க வேண்டாம், எரிச்சல் வர ஆரம்பித்தால் அதுவே 20 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து சலிப்பூட்டும் எதையாவது படியுங்கள். கண் சொக்கியதும் திரும்பிப் படுங்கள். மூன்றரைக்கு முழிப்பு வந்தாலும் இதே முறை. புரண்டு புரண்டு கிடந்தால் படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும். காலையில் எழும் நேரத்தை மட்டும் ஏழரை என்றால் ஏழரை என்று ஏழு நாளும் மாற்றாதீர்கள். ஞாயிறு பதினொன்று வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் எப்படி வரும்? முதல் வாரம் இதனால் களைப்பு அதிகமாகத் தெரியும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று, நான்கு வாரம் தாங்குங்கள். களைப்பாக இருக்கும் நாளில் பைக் ஓட்டாதீர்கள்.

இரவில் ஓடும் கவலைக்குப் பகலில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறரைக்கு, படுக்கையறை தவிர வேறு இடத்தில், நோட்டோடு 20 நிமிடம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் கவலை, வலது பக்கம் இந்த வாரம் அதற்குச் செய்யக்கூடிய ஒரு காரியம். "வேலை போய்விடுமா" என்பதற்கு எதிரே "மூன்று மாத இ.எம்.ஐ. அளவுக்குச் சேமிப்பு எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடு", "ரெஸ்யூமேயைப் புதுப்பி" என்று எழுதலாம். செய்ய ஒன்றுமே இல்லாத கவலைக்கு வலது பக்கம் ஒரு கோடு. மூன்றரை மணிக்கு அதே கவலை வந்தால், "நாளை ஆறரைக்கு" என்று சொல்லி ஒத்திவைக்க மனம் மெல்ல மெல்லப் பழகும்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 29. டிராஃபிக்கில் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் போலிருக்கும். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல் என்கிறார்கள். இப்போது பாலத்தின் மேல் சவாரி ஏற்றவே பயம். (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக்கின் அடையாளம். இதயத்தைச் சோதித்தது சரியான காரியம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறோம்: முதல் தடவை நெஞ்சு வலி வரும்போது அது டென்ஷன்தான் என்று யாரும் தானாக முடிவு செய்யக் கூடாது. வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

பேனிக் அட்டாக்கில் ஆபத்து எதுவும் இல்லாமலே உடம்பின் அபாயமணி முழு வேகத்தில் அடிக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் விரல் மரத்து, தலை சுற்றி, "ஏதோ ஆகப் போகிறது" என்ற பயம் கூடி, மணி இன்னும் வேகமாக அடிக்கிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, தானாகவே இறங்கும். வந்தால் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, திருப்பூர் வாசகருக்குச் சொன்ன மாதிரி மூச்சை நீளமாக விடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். உண்மையிலேயே இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருந்தால் அது ஆபத்து.

பாலத்தைத் தவிர்ப்பதுதான் இந்த நோயை வளர்க்கும். கூட்டமில்லாத காலை ஆறு மணிக்குச் சவாரி இல்லாமல் ஒரு தடவை போய் வாருங்கள். படபடப்பு வந்து இறங்கும்வரை திரும்பி ஓடாமல் முடியுங்கள். அது பழகியதும் அடுத்த படி. தனியாக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரோ உளவியலாளரோ இதை முறையாகச் செய்ய வைப்பார்கள். அடிமைப்படுத்தாத மாத்திரைகளும் உண்டு, அவை முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

கேள்வி: மூன்று குழுவில் கடன் வாங்கியிருக்கிறேன். வாரம் மூன்று நாள் வசூலுக்கு வருகிறார்கள். பைக் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. ஒரு குழுவைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்கினேன். தியானம் செய்தால் சரியாகுமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: தாயே, தியானம் கடனைக் கட்டாது. உங்கள் கைநடுக்கத்துக்கு உண்மையான காரணம் வெளியே இருக்கிறது, அதைத்தான் முதலில் தொட வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2022-ல் நுண்கடனுக்கென்று கொண்டுவந்த விதிகள் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் எல்லாம் இதில் வரும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தையும் தொந்தரவு செய்வது எல்லாம் தடை செய்யப்பட்டவை.

ஒரே தாளில் மூன்று கடனையும் எழுதுங்கள்: யாரிடம், மீதி எவ்வளவு, வாரத் தவணை, எப்போது முடியும். படித்த பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஒவ்வொரு நிறுவனத்தின் கிளைக்கும் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாசலில் வரும் வசூல்காரரிடம் பேசிப் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். நான்காவது கடன் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், வழி கேட்க 14448. இலவசச் சட்ட உதவிக்கு 15100. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

வசூல் நாளில் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவை வந்து உட்காரச் சொல்லுங்கள், ஆள் துணை இருந்தாலே உடம்பின் பதற்றம் பாதி குறையும். "நான் போய்ச் சேர்ந்தால் கடனும் போகும்" என்று ஒரு நொடி தோன்றினாலும் வீட்டில் ஒருவரிடம் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். அந்த எண்ணம் வரும் நேரம் சிறியது, கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாவிட்டால் பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

கேள்வி: மகள் பிளஸ் டூ. வீட்டில் நன்றாகச் சொல்கிறாள், பரீட்சை ஹாலில் எல்லாம் மறந்துவிடுகிறது என்கிறாள். (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: கொஞ்சம் பதற்றம் இருந்தால் பரீட்சை நன்றாகவே வரும், அதிகமானால் கெடும் என்பதை யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் 1908-ல் செய்த சோதனையை வைத்துச் சொல்லிவருகிறார்கள். பதற்றம் மிஞ்சும்போது, படித்ததை எடுத்துப் பார்க்கும் மனதின் இடத்தைக் கவலை அடைத்துக்கொள்கிறது. படித்தது அழிவதில்லை.

வீட்டில் சொல்லிப் பார்ப்பதும் ஹாலில் எழுதுவதும் வேறு வேறு திறமை. வாரம் இரண்டு முறை பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம், மேசையில், தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்து எழுதச் சொல்லுங்கள். உடம்புக்கு அந்தச் சூழல் பழகட்டும். பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தையெல்லாம் ஒரு தாளில் கொட்டி எழுதிவிட்டுப் போனால் பதற்றக்கார மாணவர்கள் நன்றாக எழுதுவதாக 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது, செலவில்லாத வழி. வினாத்தாள் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்த கேள்விகளை மட்டும் தேடட்டும், எளிதான ஒன்றில் எழுதத் தொடங்கினால் மற்றவை வந்துவிடும். இந்த வயதுக்கு 8 மணி நேரத் தூக்கம் கட்டாயம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: சாப்பிடும்போது மார்க் பேச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: வயது 61. டென்ஷனுக்கு நண்பர் சொன்ன அல்பிரஸோலம் இரவில் போடுகிறேன், எட்டு மாதமாகிறது. நிறுத்திவிடட்டுமா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: நிறுத்த வேண்டும், ஆனால் நாளைக்கே அல்ல. எட்டு மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரை வரும். மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் குறைப்பார். இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்து. அவசியம் வந்தாலும் சில வாரங்களுக்குத்தான் தருவது. உங்கள் வயதில் இன்னொரு ஆபத்து, இரவு கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது. அதுவரை கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இரவு விளக்கு எரியட்டும். இதோடு மது தொடவே கூடாது, மூச்சு நின்றுபோகலாம்.

கேள்வி: டென்ஷனால் சுகரும் பிரஷரும் ஏறுமா? (வாசகி, கோவை)

பதில்: ஏறும். கார்ட்டிசாலும் அட்ரினலினும் ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் திறந்துவிடுகின்றன. சாப்பாடு மாறாமலே சுகர் கூடினால் அந்த வாரத் தூக்கத்தையும் கவலையையும் பாருங்கள், ஆனால் மருந்தை நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டாம். பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் குறுக்கே போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுங்கள். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 நிமிட வேக நடை, வாரம் ஐந்து நாள். சுகர், பிரஷர், டென்ஷன் மூன்றுக்கும் இதைவிட மலிவான மருந்து கிடையாது.

கேள்வி: எனக்கிருப்பது சாதாரண டென்ஷனா, டிப்ரஷனா? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: டென்ஷன் என்றால் காரணம் விலகியதும் ஆளும் லேசாவார். நல்ல சேதி வந்தால் சிரிப்பார். ஊருக்குப் போனால் இரண்டு நாள் நன்றாகத் தூங்குவார். அப்படி லேசாகவே இல்லாமல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தாலோ, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கூடவே பசி, தூக்கம் மாறும், எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றும், சின்ன முடிவுகூட எடுக்க வராது. இதற்குச் சிகிச்சை உண்டு, மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் மற்ற நோய்களுக்குச் சமமாக மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, பாலிசியை எடுத்துப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது நாட்டு மருந்து, அஸ்வகந்தா சூரணம், சத்து மாத்திரை உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றின் அட்டையையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, எடை எவ்வளவு மாறியது, மது உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட இருந்து கவனித்த ஒருவரை அழைத்துப் போனால் நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்வார்.